ஆலமரத்தடியில் கூடியவர்கள்

தமிழ் விக்கிப்பீடியாவில் ஆலமரத்தடி என்று ஒரு பக்கம் இருக்கிறது. கட்டுரைகளை வாசித்துவிட்டுப் போகிறவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்; பார்க்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. ஆனால் அந்தக் கலைக்களஞ்சியத்தை எழுதுகிறவர்கள், தமிழகத்திலும் இலங்கையிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்துகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் கண்டறியாமலே, இன்ன விதியை மாற்றலாமா, இன்ன போட்டியை நடத்தலாமா, இன்ன நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்யலாமா என்றெல்லாம் கூடிப் பேசி முடிவு செய்கிற இடம் அதுதான். அங்கே அக்கிராசனர் என்று ஒருவர் கிடையாது. ஒருவர் தம் அபிப்பிராயத்தை எழுதிக் கீழே கையொப்பம் இடுகிறார்; மறுநாளோ மறுவாரமோ மற்றொருவர் அதற்கு மறுமொழி எழுதுகிறார்; விவகாரம் தீர்ந்த பிறகும் அதை யாரும் அழிப்பதில்லை. தொகுப்பாக எடுத்து வைத்துவிடுகிறார்கள். பல வருஷங்களுக்கு முன்பு யார் யாரோடு எதன்பொருட்டு மாறுபட்டார்கள், எப்படிச் சமாதானம் ஆனார்கள் என்பதை இன்று புதிதாக வருகிற ஒருவர் வரி பிசகாமல் வாசித்துக்கொள்ளலாம்.

இணையத்தில் ஜனங்கள் எப்படிச் சேர்கிறார்கள், சேர்ந்தவர்கள் எதனால் நிலைக்கிறார்கள், அவர்களை நிர்வகிப்பது என்றால் என்ன என்பதைப் பற்றிச் சாவகாசமாக எழுத வேண்டும் என்று வெகுநாளாக எண்ணியிருந்தேன். எத்தனையோ உதாரணங்கள் இருக்க இந்த ஆலமரத்தடியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இதன் சரித்திரம் முழுவதும் பகிரங்கமாகக் கிடைப்பதும், அதை நான் சிரத்தையோடு பின்தொடர்ந்து வந்திருப்பதும்தான். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கங்கள் பெருகுவது ஒன்று. அந்தப் பக்கங்களைப் பேணுகிற மனிதர்கள் பெருகுவது வேறொன்று. முன்னதைப் பணத்தைக் கொண்டும் இயந்திரத்தைக் கொண்டும் சாதித்துவிடலாம். பின்னதற்கு, புதிதாக வந்து நிற்கிற ஒருவரை உபசரிக்கத் தெரிந்த சில பழைய மனிதர்களின் பொறுமையைத் தவிர வேறு உபாயம் எனக்குத் தெரிந்து இல்லை.

மூலத்திலிருந்து தொடங்குவோம். 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜிம்மி வேல்ஸ் என்ற அமெரிக்க வர்த்தகர் நூபீடியா என்ற இலவசக் கலைக்களஞ்சியத்தை ஆரம்பித்தார். தத்துவ சாஸ்திரம் பயின்ற லாரி சாங்கர் அதற்குத் தலைமைப் பதிப்பாசிரியர். நிபுணர்கள் எழுத வேண்டும், எழுதியது ஏழு கட்டப் பரிசீலனையில் தேற வேண்டும் என்று நியமங்கள் எல்லாம் முன்கூட்டியே வகுத்தாகிவிட்டது. முதல் ஓராண்டில் முடிவு பெற்ற கட்டுரைகள் ஏறக்குறைய 20. பிறகு 2001 ஜனவரி 15 அன்று, நூபீடியாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று, யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற ஏற்பாட்டோடு விக்கிப்பீடியாவைத் திறந்துவிட்டார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் அதில் 20,000-ஐ ஒட்டிய கட்டுரைகள் சேர்ந்துவிட்டன. இதற்கு ஆதாரமான விக்கி என்ற யுக்தியை வார்ட் கன்னிங்காம் என்ற நிரலாளர் 1995-இலேயே தம் தொழில் நண்பர்களுக்காக அமைத்திருந்தார். யார் எதை மாற்றினாலும் பழைய வடிவம் ‘வரலாறு’ என்ற பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது என்பதும், ஒரு பக்கத்தைக் கெடுக்கிறவனுக்கு ஆகிற பிரயாசையைக் காட்டிலும் அதைப் பழையபடி மீளமைக்கிறவருக்கு ஆகிற பிரயாசை குறைவு என்பதும் விக்கிப்பீடியாவின் விசேஷம். ஜனங்களை நம்பினார்கள் என்று நாம் புகழ்கிறோம். நம்பிக்கை வீணானாலும் நஷ்டம் இல்லாதபடி யந்திரத்தை அமைத்துவிட்டு நம்பினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் கதவைத் திறந்து வைத்தவர்களுக்குக் கூட்டம் சொந்தமாகிவிடுவதில்லை. 2002-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், விக்கிப்பீடியாவில் விளம்பரம் வரக்கூடும் என்று ஒரு பேச்சு அடிபட்டது. ஸ்பானிய மொழியில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் இதைக் கேட்டு மனம் கொதித்து, தாங்கள் எழுதியவற்றையும் எடுத்துக்கொண்டு, பிப்ரவரி மாதத்தில் செவில் பல்கலைக்கழகத்தின் ஆதரவில் தனியாக ஒரு கலைக்களஞ்சியத்தைத் தொடங்கிவிட்டார்கள். ஸ்பானிய விக்கிப்பீடியா அதன் பிறகு வெகுகாலம் மந்தமாகவே கிடந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் விளம்பரம் இராது என்று வேல்ஸ் அறிவித்தார். வர்த்தக முகவரியிலிருந்து பொதுநல முகவரிக்கு விக்கிப்பீடியா மாறியது. 2003-இல் அதை நடத்துவதற்கு விக்கிமீடியா அறக்கட்டளை உருவாயிற்று. எழுதியதை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமம் இருந்ததால்தான் அந்த ஸ்பானிய மொழியினரால் எழுந்து போக முடிந்தது. எழுந்து போகிற உரிமை எழுதுகிறவர்களிடம் இருக்கிற வரையில்தான் நிர்வாகம் அவர்கள் பேச்சுக்குக் காது கொடுக்கும். இன்றைய பெரிய சமூக வலைத்தளங்களில் வருஷக்கணக்காக எழுதிக் குவிப்பவர்களுக்கு இந்த உரிமை நடைமுறையில் இல்லை என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

தமிழ் விக்கிப்பீடியா 2003-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசியில் தொடங்கியது. தொடங்கியது என்றால் தளம் திறந்தது என்றுதான் அர்த்தம். உள்ளே பொத்தான்களில் இருந்த சொற்கள்கூட ஆங்கிலத்தில் இருந்தன. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையைச் சேர்ந்தவரும், கட்டடக் கலைஞராக ஐக்கிய அரபு அமீரகத்தில் பணி புரிந்துவந்தவருமான இ. மயூரநாதன் அவர்கள் அந்த ஆண்டு நவம்பரில் வந்து சேர்ந்தார். பகல் முழுவதும் உத்தியோகம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், வாசகர் யாரும் இன்னும் வந்திராத ஒரு தளத்தில், தொகு, சேமி, வரலாறு, உரையாடல் என்று இடைமுகத்தைச் சொல் சொல்லாகத் தமிழாக்கினார். கூடவே கட்டுரைகளும் எழுதினார். முதற்சில மாதங்கள் ஏறத்தாழத் தனியாளாகவே எழுதினார். பிற்காலத்தில் அவருடைய கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் பெருகியதும், 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருதைக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்கு அளித்ததும் பலர் அறிந்தவை. நான் மதிப்பது அந்த ஆரம்ப மாதங்களை. சமூகம் என்று ஒன்று பிறப்பதற்கு முன்பே, அது பிறந்துவிட்டதுபோல் ஒருவர் அதற்காக உழைக்க வேண்டியிருக்கிறது. பின்னால் வருகிறவர்கள் வெறும் இடத்தைப் பார்த்து வருவதில்லை. ஒருவர் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பதைப் பார்த்துத்தான், நாமும் கை கொடுப்போம் என்று வருகிறார்கள்.

அப்படித்தான் வந்தார்கள். பொறியியலாளர், பேராசிரியர், மருத்துவர், மாணவர் என்று பல நிலையினர். ஈழத்து வழக்கில் எழுதுவாரும் தமிழக வழக்கில் எழுதுவாருமாக இரு திறத்தினர். ஒரே நகரத்தின் பெயரை இவர் ஒருவிதமாகவும் அவர் ஒருவிதமாகவும் எழுத, கிரந்த எழுத்தை ஆளலாமா, தள்ளலாமா என்ற சர்ச்சை, கட்டுரைதோறும் விவாதத்துக்கென்று இருக்கிற பேச்சுப் பக்கங்களில் பல வருஷங்கள் நடந்தது. சில சமயம் மனம் நோகும்படியாகவும் நடந்தது. எந்த வடிவத்தில் தேடினாலும் ஒரே கட்டுரைக்குக் கொண்டுசேர்க்கும் வழிமாற்றுப் பக்கங்களை வைத்து, தலைப்பைப் பற்றிய வாதத்தை அந்தந்தக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்துக்குள் அடக்கிக்கொண்டார்கள். சர்ச்சை தீர்ந்துவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். அதைத் தீர்க்காமலே சேர்ந்து வேலை செய்யக் கற்றுக்கொண்டார்கள். 2013-இல் பத்தாண்டு நிறைவை ஒட்டிச் சென்னையில் விழா எடுத்தபோது, எத்தனையோ ஆண்டுகள் எழுத்தில் மட்டும் பழகியவர்கள் முதன்முதலாக நேரில் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

இனி நான் சற்றே நின்று சொல்ல விரும்புகிற சம்பவம் ஒன்று உண்டு. 2009-ஐ ஒட்டிய காலத்தில் கூகுள் நிறுவனம், இந்திய மொழிகளில் உள்ளடக்கத்தைப் பெருக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு, தன்னுடைய மொழிபெயர்ப்புக் கருவியையும் ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்களையும் கொண்டு, ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் வங்காளத்திலும் இன்னும் சில மொழிகளிலும் ஆக்கி ஏற்றத் தொடங்கியது. நோக்கம் நல்லதே, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. விளைவு என்ன? அதுவரையில் ஒரு பத்தி, இரண்டு பத்தி என்று எளிமையாக வளர்ந்துவந்த தளத்தில், திடீரென்று மிக நீண்ட கட்டுரைகள் வந்து இறங்கின. அமெரிக்கப் பாடகர்களைப் பற்றியும் ஹாலிவுட் படங்களைப் பற்றியும் பக்கம் பக்கமாக இருக்கும். வாக்கியங்கள் தமிழ்ச் சொற்களால் ஆனவையாக இருக்கும், ஆனால் எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று தேட வேண்டியிருக்கும். வார்ப்புருக்கள் என்கிற ஆயத்த அச்சுகள் உடைந்து, இல்லாத பக்கங்களுக்குப் போகிற சிவப்பு இணைப்புகள் கட்டுரை முழுவதும் இறைந்து கிடக்கும். இன்ன வாக்கியம் விளங்கவில்லையே, திருத்த முடியுமா என்று பேச்சுப் பக்கத்தில் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பதில் சொல்வது அந்த மொழிபெயர்ப்பாளர்களுடைய வேலையில் சேர்ந்ததில்லை. அவர்கள் ஏற்றிவிட்டுப் போனதைத் துப்புரவு செய்கிற பாரமோ, சம்பளம் இல்லாமல் இரவில் கண் விழித்து எழுதிய தன்னார்வலர்களின் தலையில் விழுந்தது.

வங்காள விக்கிப்பீடியர் அத்தகைய கட்டுரைகளை நீக்கிவிடுவது என்று கடுமையாக முடிவு செய்தார்கள். தமிழர் வேறு வழியை எடுத்தார்கள். ஆலமரத்தடியில் பலநாள் பேசி, நிறுவனத்தாரோடு தொடர்பு ஏற்படுத்திக்கொண்டு, தலைப்புகளை எங்களையும் கலந்து தேர்ந்தெடுங்கள், மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் கணக்கில் வந்து கேள்விக்கு விடை சொல்லட்டும், தரம் சீராகும் வரையில் புதிய கட்டுரைகளை நிறுத்தி வையுங்கள் என்று வற்புறுத்தினார்கள். 2010-இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் ஒருவர் இந்த அனுபவம் முழுவதையும் உலகச் சபை முன் வைத்தார். அடுத்த ஆண்டு திட்டமே நின்றுபோயிற்று. எஞ்சிய கட்டுரைகளைப் பின்வந்த ஆண்டுகளில் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகச் செம்மைப்படுத்தி வந்தார்கள்.

இந்தச் சம்பவத்தை நான் பெரிதாக எண்ணுவதற்குக் காரணம் இதுதான்: கட்டுரைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிற ஒருவருக்கு அது வளர்ச்சியாகவே தோன்றியிருக்கும். ஆனால் அந்த நீண்ட கட்டுரைகளை எழுதியவர்களில், திட்டம் முடிந்தபின் தங்கிக் கலைக்களஞ்சியத்தைப் பேணியவர்கள் என்று சுட்டிக்காட்ட எவரும் எனக்குத் தென்படவில்லை. அதே நிறுவனம் 2018-இல் விக்கிமீடியா அறக்கட்டளையோடும் பெங்களூரிலுள்ள ஓர் ஆய்வு மையத்தோடும் சேர்ந்து வேங்கைத் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தபோது நிலைமை அடியோடு மாறியிருந்தது. இந்தத் தடவை கூலிக்கு எழுதுவார் இல்லை. ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு மடிக்கணினியும் இணைய வசதியும் கொடுத்து, எந்தத் தலைப்புகளில் எழுதலாம் என்பதில் அந்தந்த மொழிச் சமூகத்தையும் ஒரு பங்காளியாக வைத்துக்கொண்டு, மொழிகளுக்குள் ஒரு போட்டி நடத்தினார்கள். தமிழ் அந்த ஆண்டு பஞ்சாபிக்கு அடுத்து இரண்டாம் இடத்திலும், 2019–20-இல் முதல் இடத்திலும் வந்தது. பணம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. பணம் எழுதுகிறவர்களின் கைக்குப் பக்கபலமாக வந்தால் சமூகம் தழைக்கிறது. அவர்களுக்குப் பதிலாக வந்தால் அவர்களுடைய பாரம்தான் கூடுகிறது. இன்று செயற்கை நுண்ணறிவு நொடியில் ஆயிரம் கட்டுரை எழுதித்தரும் என்று உற்சாகப்படுகிறவர்கள் 2009-இன் பேச்சுப் பக்கங்களை ஒரு தரம் வாசித்துவிட்டுப் பேசினால் நல்லது.

புதிதாக வருகிறவரின் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியர் தம் ஊர் அம்மன் கோயிலைப் பற்றி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது அடிக்கடி காண்கிற காட்சிதான். ‘எங்கள் ஊர் அம்மன் கேட்ட வரம் தருபவள்’ என்று பக்தியோடு தொடங்கி, திருவிழாவையும் தேரையும் வர்ணித்து, நாட்டாண்மைக்காரர் பெயரையும் போட்டு, சான்று ஒன்றும் கொடுக்காமல் சேமிக்கிறார். கலைக்களஞ்சியத்தின் நடுநிலை நோக்குக்கு அந்த எழுத்து பொருந்தாது என்பது உண்மை. அண்மைய மாற்றங்களைக் கவனித்துக்கொண்டிருக்கிற ஒரு பழைய பயனர் அதன்மேல் ‘நீக்கப்படலாம்’ என்ற வார்ப்புருவை ஒட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். விதிப்படி அதில் குற்றமும் இல்லை. ஆசிரியர் மறுநாள் வந்து பார்ப்பார். தாம் எழுதியது இல்லை. பிறகு அந்தப் பக்கம் தலைவைக்கவே மாட்டார். அல்லது அந்தப் பழைய பயனர் கட்டுரையை மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்துக்கு மாற்றிவைத்து, ‘வணக்கம் ஐயா, உங்கள் ஊரைப் பற்றி எழுத முன்வந்ததற்கு நன்றி, கோயில் எந்த வட்டத்தில் இருக்கிறது? குடமுழுக்குச் செய்தி ஏதாவது நாளிதழில் வந்ததுண்டா? கல்வெட்டு இருந்தால் ஒரு படம் எடுத்து ஏற்ற முடியுமா?’ என்று கேட்கலாம். இரண்டாவது வழிக்குச் சிறிது நேரம் கூட ஆகும். அந்த நேரத்தைச் செலவிடுகிறவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்துத்தான் ஒரு சமூகத்தின் ஆயுள் இருக்கிறது.

இது என் ஊகம் மட்டும் இல்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் மும்முரமாக எழுதுவோர் தொகை 2007-இல் 50,000-ஐத் தாண்டி உச்சத்தை எட்டியது; 2013-இல் 30,000-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. காரணத்தை ஆராய்ந்தவர்கள், வந்து குவிந்த விஷமத் தொகுப்புகளைச் சமாளிப்பதற்காக வைத்த தானியங்கிகளும் கடுமையான விதிகளும், நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் முதல் முயற்சியையும் சேர்த்து விரட்டிவிட்டதை எடுத்துக்காட்டினார்கள். தற்காப்புக்காக எழுப்பிய மதில் வீட்டுக்காரர்களுக்கே வாசலை அடைத்துவிட்டது.

விதிகளே வேண்டாம் என்பதா? ஒருபோதும் இல்லை. ஒரே பக்கத்தை இருவர் மாற்றி மாற்றி மீளமைத்துச் சண்டையிடும்போது, ஒருநாளில் மூன்று முறைக்குமேல் மீளமைத்தால் தடை என்ற விதி இருவரையும் பேச்சுப் பக்கத்துக்குத் தள்ளுகிறது; மிக எளிய விதி, ஆனால் அனுபவத்தில் பிறந்தது. நிருவாகிகளுக்குப் பக்கங்களை நீக்கவும் பூட்டவும் பயனரைத் தடுக்கவும் அதிகாரம் உண்டு. ஒரு கட்டுரையில் எது சரி என்று தீர்ப்புச் சொல்வதில் மற்றவர்களைவிட அவர்கள் சொல்லுக்கு எடை அதிகம் கிடையாது. இந்த வரம்பு எங்கே மறக்கப்படுகிறதோ அங்கே அனர்த்தம் விளைகிறது. குரோவாசிய விக்கிப்பீடியாவில் ஒரே மனப்போக்குடைய நிருவாகிகள் சிலர் ஏறக்குறையப் பத்தாண்டுக் காலம் தளத்தைத் தங்கள் வசமாக்கிக்கொண்டு, மாற்றுக் கருத்தினரைத் தடைசெய்து, இரண்டாம் உலக யுத்த காலத்துக் கொடுமைகளைப் பற்றிய சரித்திரத்தைத் திரித்து எழுதிவந்ததை, 2021-இல் அறக்கட்டளை வெளியிட்ட அறிக்கை அம்பலப்படுத்தியது. ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவில் நேர்ந்தது வேறு விதம். அந்த மொழியே சரியாகத் தெரியாத அமெரிக்கச் சிறுவன் ஒருவன், நல்லது செய்கிறோம் என்ற எண்ணத்தோடு 20,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதி வைத்திருந்தது 2020-இல்தான் வெளியே தெரிந்தது. அங்கே அதிகார துஷ்பிரயோகம் இல்லை; மொழி தெரிந்தவர்கள் யாரும் எட்டிப்பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்தச் சிறுவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எட்டிப்பார்க்காத பெரியவர்களைத்தான் குறை சொல்ல வேண்டும்.

தமிழுக்கு இந்த இரண்டாவது அபாயம்தான் அருகில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். 2017-இல் லட்சத்தை எட்டிய கட்டுரைத் தொகை இன்று ஒன்றரை லட்சத்தைக் கடந்துவிட்டது. உலகத்தில் தமிழ் பேசுவோர் கோடிக்கணக்கில் இருக்க, அந்தக் கட்டுரைகளை மாதந்தோறும் முறையாகக் கவனித்துத் திருத்துகிறவர்களை எண்ணினால் சில நூறு பேரைத் தாண்ட மாட்டார்கள். அவர்களிலும் பெண்கள் மிகச் சிலரே. நம் மாவட்டங்களையும் தாவரங்களையும் கைத்தொழில்களையும் பற்றிய எத்தனையோ பக்கங்கள் இரண்டு வரிக் குறுங்கட்டுரையாகவே நின்றுபோயிருக்கின்றன.

ஆகையால் இதை வாசிக்கிற உங்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் சொந்த ஊரைப் பற்றிய கட்டுரையைத் தமிழ் விக்கிப்பீடியாவில் திறந்து பாருங்கள். பிழை இருந்தால் ‘தொகு’ என்பதை அழுத்தித் திருத்துங்கள். எங்கிருந்து அந்தத் தகவலை அறிந்தீர்கள் என்பதைச் சான்றாகக் கொடுங்கள். எப்படிச் செய்வது என்று தெரியாவிட்டால் அங்கே ஒத்தாசைப் பக்கம் இருக்கிறது, கூச்சப்படாமல் கேளுங்கள். ஏற்கெனவே அங்கே எழுதுகிற அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை: இந்த வாரம் புதிதாக வந்த ஒருவருடைய பேச்சுப் பக்கத்துக்குப் போய், தானியங்கி போட்ட வரவேற்புக்குக் கீழே, உங்கள் கையால் இரண்டு வரி எழுதிக் கையொப்பம் இடுங்கள்.